நரியின் சாயம்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



நீலம் தோய்ந்த நரியின் கதை நம்மில் எவருக்குத்தான் தெரியாது? ஊருக்குள் இரை தேடி வந்த நரியொன்றை நாய்கள் துரத்துகின்றன. தப்பியோடிய நரி சாயக்காரன் வீட்டுத் தாழியொன்றில் விழுந்து எழும்புகிறது. உடம்பெல்லாம் நீலம். காட்டுக்குத் திரும்பியபோது சிங்கமும் புலியும் இது என்ன புது விலங்கோ என்று அஞ்சி ஒதுங்க, நரி அரசாகிறது. அதன் பிறகு நடந்ததைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு எட்டாந் தர மாணவர்களுக்கு மரபுத்தொடர் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 'சாயம் வெளுத்தது' என்ற தொடர் வந்தது. உடனே இந்தக் கதையை எடுத்துவிட்டேன். ஒருநாள் பெருமழை பெய்தது, நீலம் கரைந்தோடியது, நரியின் குட்டு வெளிப்பட்டது, ஆகவே சாயம் வெளுத்தது என்று முடித்தேன். எனக்குப் படிப்பித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். சிறுவர் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. பின்வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். அவனுடைய தாயார் தையல் வேலை செய்பவர்.

"சேர், ஜீன்ஸை எத்தினை தரம் தோய்ச்சாலும் நீலம் முழுக்கப் போகாது. நரியின்ரை மட்டும் ஒரு மழையிலை எப்பிடிப் போகும்?"

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் பதில் என்னிடம் இருக்கவில்லை.

அன்றிரவு பஞ்சதந்திரத்தை எடுத்துப் பார்த்தேன். முதலாம் தந்திரமான மித்திரபேதத்தில் வரும் கதை அது. அங்கே மழையே இல்லை! நீல நரி அரசு வீற்றிருக்கும்போது தூரத்தில் நரிக்கூட்டமொன்று ஊளையிடுகிறது. இனத்தின் குரல் கேட்டதும் மயிர் சிலிர்க்க, கண்ணில் நீர் மல்க, தன்னை மறந்து தானும் ஊளையிடுகிறது. அந்தக் குரலால்தான் அகப்பட்டது. நரிக்கு அங்கே இட்ட பெயரே சண்டரவன், அதாவது கடுங்குரலோன். கதை சொன்னவன் முடிவைப் பெயரிலேயே ஒளித்து வைத்திருக்கிறான். நரி சாகும்போதும் நீலமாகவே செத்தது.

மழையைக் கொண்டுவந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். எவர் என்று தேடுவதில் பயனில்லை. எனக்குத் தைத்தது வேறொன்று. சாயம் எப்படிப் பிடிக்கிறது என்பதை அறிந்த ஒரு சமூகம் இந்த மழையை ஏற்றுக்கொண்டிருக்குமா? அவுரி காய்ச்சியவனுக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால், அந்தப் பையனைப் போலத்தான் அவனும் எழும்பியிருப்பான்.

அவுரி என்பது ஒரு சிறு செடி. நீலி என்றும் பெயர் உண்டு. தலைக்கு வைக்கும் எண்ணெய்களில் சேர்வதால் வைத்தியர் வீடுகளில் இன்றும் பெயர் மறையவில்லை. ஆனால் இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை என்பதைப் பலர் அறியார். வெட்டிய செடியைத் தொட்டியில் நீரூற்றி அமிழ்த்தி வைப்பார்கள். பல மணி நேரம் ஊறிப் புளித்ததும் நீர் மஞ்சட்பச்சையாகும். அந்த நீரை இன்னொரு தொட்டியில் இறக்கி, ஆட்கள் நின்று அடித்துக் கலக்க, காற்றுப் பட்டுப்பட்டு நுரை நீலமாகும். நீலம் அடியில் வண்டலாகப் படியும். வடித்து, காய்ச்சி, அழுத்தி, கட்டியாக வெட்டி உலர்த்தினால் நீலக்கட்டி. அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. கரையாத ஒன்றைத் துணியில் எப்படி ஏற்றுவது? அதற்குத்தான் தாழி. சுண்ணாம்பும் உவர்மண்ணும் போட்டு, அவித்த தகரை விதையை நீரோடு ஊற்றி, மூடி, நாட்கணக்கில் புளிக்க விடுவார்கள். நாற்றம் தாங்காது. புளிப்பு ஏறியதும் நீலம் தன் நிறத்தை இழந்து கரைகிறது. அதில் தோய்த்த துணியை வெளியே எடுத்தால் பச்சை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்று பட்டு நீலமாக மாறும். மாறியபின் மறுபடி கரையாத நீலம், இழையைப் பற்றிக்கொண்டு நிற்கும். மழைக்கு அசையாது.

இந்தக் கணக்கில் பார்த்தால் நம் நரி தாழியிலிருந்து எழும்பியபோது பச்சையாகத்தான் இருந்திருக்கும். காட்டுக்கு ஓடிச் சேர்வதற்குள் நீலமாகியிருக்கும். பச்சை நரியைக் கண்ட நாய்கள் என்ன நினைத்தனவோ!

'தோய்த்தல்' என்ற சொல்லையும் இங்கே கவனியுங்கள். சாயத்தில் தோய்த்தல் என்பது பழைய வழக்கு. நாமோ யாழ்ப்பாணத்தில் அழுக்கு நீக்குவதற்கும் 'உடுப்புத் தோய்த்தல்' என்றே சொல்கிறோம். நிறம் ஏற்றுவதற்கும் அழுக்கு இறக்குவதற்கும் ஒரே சொல். நம் வீடுகளில் இந்த இரண்டும் ஒரே வாளியில் நடந்ததும் உண்டு. வெள்ளை உடுப்பைத் தோய்த்தபின் 'நீலம் போடுவது' என்றொரு வேலை இருந்ததல்லவா? வெள்ளை மஞ்சளடிக்காமல் பளிச்சென்றிருக்கக் கடைசித் தண்ணீரில் ஒரு துளி நீலம். நீலத்தின் துணையில்லாமல் எங்கள் பள்ளிக்கூட வெள்ளை ஒருநாளும் வெள்ளையாக இருந்ததில்லை.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் நான் சிறுவன். சவர்க்காரமும் இல்லை, நீலமும் இல்லை. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். கொடியில் காயப்போட்டால் பனம்பழ வாசத்துக்கு மாடு வந்து சூப்பிவிட்டுப் போகும். இளமஞ்சள் 'வெள்ளை'ச் சட்டையோடு பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். கடதாசிக்கும் அதே பஞ்சம். பத்திரிகைகள் கொப்பிக் கோட்டுத் தாளில் அச்சாகி வந்தன. ஒரு தாளின் இருபுறமும் எழுதி, ஓரத்திலும் எழுதி, பிறகு அதையே சரை சுற்றக் கொடுத்த தலைமுறை எங்களுடையது. கடதாசி என்றால் எனக்கு இன்றும் கை கூசும். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியவரும்.

நம் குடாநாட்டுக்கு நீலத்திலும் நெருங்கியது சிவப்பு. சாயவேர் என்று ஒரு பூண்டு. வைத்தியர் இம்பூறல் என்பார்கள். மணற்பாங்கான நிலத்தில் தானாக வளரும். வேரைக் கிண்டியெடுத்தால் பருத்திக்குச் செஞ்சாயம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் இதில் பணத்தைக் கண்டார்கள். வேர் கிண்டும் ஊழியம் சில குலத்தார் தலையில் சுமத்தப்பட்டது. மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் வெய்யிலில் குந்தியிருந்து விரல்நீள வேர்களைச் சேர்த்தவர்களைப் பற்றி நம் இலக்கியம் எதுவும் பேசியதாக நான் படிக்கவில்லை. பலதேவனை நீலாம்பரன் என்கிறோம். 'நீல ஆடை உடையவன்' என்று பொருள் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகிறோம். ஆடையை நீலமாக்கியவன் உரையில் வருவதில்லை. நானும் இருபது வருடமாக அப்படித்தான் எழுதிப்போட்டேன்.

கடலைக் கடந்து போன நீலத்தின் கதை இன்னும் கனமானது. செங்கடலோரத்தில், எகிப்தில், பெரெனிக்கே என்று ஒரு பழைய துறை. அதற்கு வடக்கே குசேர் அல் காதிம் என்று இன்னொன்று. குசேரில் 'பானை ஒறி' என்று தமிழ்ப் பிராமியில் கீறிய ஓடு கிடைத்தது. ஒறி என்பது நம் உறிதான். பெரெனிக்கே மணலில் நீலச் சாயமிட்ட இந்தியப் பருத்தித் துண்டுகள் கிடைத்தன. உறிப்பானை போன வழியால் நீலத்துணியும் போயிருக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துப் பழக்கம்.

இதைக் கேட்டதும், பார்த்தீர்களா, ஆபிரிக்காவுக்கு நீலத்தைக் கொடுத்ததே நாங்கள்தான் என்று மேடையில் முழங்க நமக்கு நா அரிக்கும். அது பொய். மேற்கு ஆபிரிக்காவில் நீலம் அந்த மண்ணின் கைவினை. அங்குள்ளவர்கள் எடுத்த செடியே வேறு. யொருபா மக்கள் 'எலு' என்று சொல்லும் காட்டுக்கொடியின் இளம் இலையைப் பச்சையாகவே உரலில் இடித்து, உண்டை பிடித்து, வெய்யிலில் காயவைப்பார்கள். நம்மவர் சுண்ணாம்பு போட்ட இடத்தில் அவர்கள் சாம்பல் நீர் வைத்தார்கள். அடியில் துளையிட்ட பானையில் சாம்பலை நிரப்பி, மேலே நீரூற்றி, சொட்டுச்சொட்டாக இறக்கிய காரநீர். யொருபாவில் இது பெண்களின் வேலை. வடக்கே, நைஜீரியாவின் கானோ நகரில், ஆண்களின் வேலை. அங்கே கோஃபர் மாத்தா என்ற வாயிலருகே தரையில் கிணறுபோல் தோண்டிய சாயக்குழிகள் 1498இல் ஏற்பட்டவை என்பது ஊர் வழக்கு. கானோவில் தோய்த்த துணியை மரக்கட்டையால் அடித்தடித்து மினுக்கேற்றி, சகாராவின் துவாரெக் மக்களுக்கு விற்றார்கள். அவர்கள் முகத்தைச் சுற்றிக் கட்டும் அந்தத் துணியின் நீலம் தோலில் ஏறும். 'நீல மனிதர்' என்று பெயர் வந்தது அதனால்தான். அப்படியானால் சாயம் போகிறதே என்று என் பின்வாங்குப் பையன் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அளவுக்கு மிஞ்சி ஏற்றிய நீலம் உரசினால் உதிரும், நீரில் கரையாது.

1789இல் இலண்டனில் ஒரு நூல் வெளியாயிற்று. எழுதியவர் ஒலாவுடா எக்குவியானோ. சிறுவயதில் பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டு, பின்பு தன் விலையைத் தானே கொடுத்து மீண்டவர். பிறந்த ஊரென்று தாம் நினைவுகூரும் இபோ நாட்டை வருணிக்கும்போது, தம் மக்கள் விரும்பி உடுத்த நிறம் நீலம் என்கிறார். அந்த நீலத்துக்கு நிகரானதை ஐரோப்பாவில் தாம் கண்டதில்லை என்றும் எழுதுகிறார். எல்லாம் பறிகொடுத்த ஒருவர் நினைவில் நிறம் மட்டும் வெளுக்காமல் நின்றிருக்கிறது. அந்தப் பக்கத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் இருந்தேன். ஏனென்றால் அதே நூற்றாண்டில் அதே கரையில் மனிதரை விலைக்கு வாங்கிய கப்பல்கள் கொண்டுபோன பண்டங்களில் முக்கியமானது துணி. அதில் பெரும்பங்கு இந்தியத் துணி. சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரித் தாழியில் தோய்த்த நீலத்துணியும் அதில் அடக்கம்.

அந்தத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் 'கினே'. ஆபிரிக்காவின் கினிக் கரைக்குப் போவதால் வந்த பெயர். நெய்த ஊரின் பெயரோ தோய்த்தவர் பெயரோ அதற்குக் கிடைக்கவில்லை. வாங்குபவர் நாட்டின் பெயர்தான் கிடைத்தது. நாட்குறிப்பால் தமிழ் உரைநடையில் இடம்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை இந்தத் துணி வணிகத்துக்குள் வளர்ந்தவர். இளமையில் பரங்கிப்பேட்டையில் பிரெஞ்சுக் கம்பனியின் வேலைகளை மேற்பார்த்தவர். 1736இல் தொடங்கும் அவருடைய நாட்குறிப்பை நாம் மொழிக்காகவும் அரசியலுக்காகவும் படிக்கிறோம். அதில் வரும் துணிக்கட்டுகள் எங்கே இறங்கின என்று கேட்டுப் படித்ததில்லை.

அடிமை வாணிபம் தடையான பின்பும் கினே நிற்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே அதுவே நாணயம். ஒரு துண்டுக்கு இவ்வளவு கருவேலம் பிசின் என்று கணக்கு. பாலைவனத்து மூர் வணிகர்கள் துணியை விரித்துப் பார்ப்பார்கள், தடவுவார்கள், முகர்வார்கள். ஐரோப்பிய ஆலைகள் செய்தனுப்பிய போலியை மணத்திலேயே கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார்களாம். தகரை விதையும் சுண்ணாம்பும் புளித்த அந்த மணம் அட்லாந்திக்கைத் தொடும்வரை துணியில் நின்றிருக்கிறது. புதுச்சேரிப் பக்கத்துச் சாயக்காரனுக்குக் கிடைத்த நற்சான்று அது ஒன்றுதான். அவன் அதை அறிந்திருக்கவும் நியாயமில்லை. 1897இல் ஜேர்மன் கம்பனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு தாழிகள் ஒவ்வொன்றாக வற்றின.

ஆபிரிக்காவில் முற்றாக வற்றிவிடவில்லை. யொருபாப் பெண்கள் 20ஆம் நூற்றாண்டிலும் 'அதிரே' என்ற துணியைச் செய்தார்கள். அதில் ஒரு வகைக்கு மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கோழியிறகால் தொட்டு, துணியில் கோலம் எழுதுவார்கள். கஞ்சி காய்ந்த இடத்தில் நீலம் ஏறாது. கழுவினால் கோலம் வெளிறி நிற்கும். ஒவ்வொரு கோலத்துக்கும் பெயருண்டு. 'இபாதான் இனியது' என்று தங்கள் ஊரைப் புகழும் பெயர்கொண்ட ஒன்றும் அதில் உண்டு. எழுத்தாணிக்குப் பதில் இறகு, ஏட்டுக்குப் பதில் துணி. மாலி நாட்டில் பிறந்த ஓவியர் அபூபக்கர் ஃபொஃபானா பழைய புளிப்புத் தாழியை மறுபடி உயிர்ப்பித்தவர். அவர் எழுத்தணிக் கலைஞருமாவார். 2017இல் ஏதென்சு நகரில் நடந்த கண்காட்சியில் 54 செம்மறிகளை நீலம் தோய்த்து மேயவிட்டார். ஆபிரிக்க நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்மறி. அந்தப் படத்தைக் கண்டதும் எனக்கு நம் நரிதான் நினைவு வந்தது. ஒரு வேறுபாடு: அவை எதையும் ஒளிக்கவில்லை.

நீலம் ஏட்டிலும் ஏறியிருக்கிறது. துனீசியாவின் கைரவான் பள்ளிவாசலில் இருந்த பழைய குர்ஆன் ஒன்று நீலந்தோய்த்த தோலில் பொன்னெழுத்தால் எழுதியது. ஏறத்தாழ ஆயிரம் வருடப் பழமை. யப்பானில் பௌத்த சூத்திரங்களை நீலம் ஏற்றிய கைக்கடதாசியில் பொன்னாலும் வெள்ளியாலும் எழுதினார்கள். ஐரோப்பாவிலோ நீலக் கடதாசி ஏழைப் பிள்ளையாகப் பிறந்தது. அக்காலத்தில் கடதாசி கந்தைத் துணியால் ஆனது. வெள்ளைக் கந்தை வெள்ளைத் தாளாகும். நீலக் கந்தையை எத்தனை நாள் ஊறவைத்து இடித்தாலும் வெள்ளையாகாது. அதனால் வேறாகப் பிரித்து நீலத்தாள் செய்தார்கள். சீனிக்கூம்பு சுற்றப் போனது ஒரு பங்கு. வெனிசு நகரத்து ஓவியர் கைக்குப் போய்ச் சித்திரமானது இன்னொரு பங்கு. துணி செத்துக் கூழானாலும் நீலம் சாகவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த சங்கதி.

இதை வகுப்பில் சொன்னபோது, "செய்து பாப்பம் சேர்" என்றான் அதே பையன். தாயார் வெட்டியொதுக்கிய ஜீன்ஸ் துண்டுகளை ஒரு உரப்பையில் கட்டிக்கொண்டு வந்தான். இந்தக் காலத்து ஜீன்ஸின் நீலம் தொழிற்சாலையில் செய்தது, அவுரியல்ல. ஆனாலும் பொருள் ஒன்றே, குணமும் ஒன்றே. நகத்தளவு துண்டுகளாக நறுக்கி, சாம்பல் நீரில் அவித்து, மதிய இடைவேளைகளில் முறைபோட்டு உரலில் இடித்தார்கள். இரண்டு கிழமை சென்றது. கைகளில் கொப்புளம் வந்தது, பெற்றார் ஒருவரிடமிருந்து முறைப்பாடும் வந்தது. பழைய விடைத்தாள்களையும் ஊறவைத்துச் சேர்த்தோம். நுளம்புவலை அடித்த சட்டத்தால் கூழை அள்ளி, பழைய வேட்டித் துண்டில் கவிழ்த்து, கல் வைத்து அழுத்தி, வெய்யிலில் உலர்த்தினோம். சாயம் ஒரு துளியும் போடவில்லை. தாள் நீலமாகவே வந்தது. காலை மழைவானத்தின் நிறம்.

ஆனால் எழுத முடியவில்லை. பேனையை வைத்ததும் மை ஒற்றுத்தாளில் போலப் பரவியது. பசை பூசாத தாள் அப்படித்தான். என்ன பூசலாம் என்று யோசித்தபோது, வீட்டில் மரவள்ளி மா இருக்கிறது என்றான் ஒருவன். கஞ்சி காய்ச்சினோம். தூரிகை இல்லை. வளவில் கிடந்த கோழியிறகு இருந்தது. பூசிக்கொண்டிருந்த பிள்ளைகளில் எவருக்கும் யொருபாப் பெண்களைப் பற்றி நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அன்றுதான் சொன்னேன்.

மொத்தம் முப்பத்தொரு தாள் தேறியது. ஓரம் ஒழுங்கில்லை; இரண்டில் நூல் தும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது; ஒன்றில் யாரோ பெற்ற நாற்பத்திரண்டு புள்ளி சிவப்பு மையில் அரைகுறையாகத் தெரிகிறது. முதல் தாளை அந்தப் பையனிடம் கொடுத்து, நரியின் கதையைத் திருத்தி எழுதச் சொன்னேன். வாங்கியவன் எழுதாமல் தடவிக்கொண்டே இருந்தான். "பழுதாக்கிப்போடுவன் சேர், முதல் கொப்பியிலை எழுதிப் பாக்கிறன்" என்றான். கடதாசிக்குக் கை கூசும் ஒருவனை என் வகுப்பில் அன்று கண்டேன்.

கதையை அவன் இப்போது எழுதி முடித்துவிட்டான். மழை இல்லை. தாழி நாறுகிறது, நரி முதலில் பச்சையாக எழும்புகிறது, கடைசியில் ஊளையிடுகிறது. 'சாயக்காரன் அடுத்த நாள் தாழியைத் திறந்து பார்த்து, இது எங்கே குறைந்தது என்று யோசித்தான்' என்றொரு வசனத்தைத் தானாகவே சேர்த்திருக்கிறான். புள்ளியிடும்போது அந்த வசனத்தை நான் வெட்டவில்லை.